டான்யூப் கரையில் முன் சீட்டு

மரக்கால் இல்லாமலேயே அளக்கக்கூடிய மனிதர் திருநெல்வேலியில் ஒருவர் உண்டென்றால் அது பிரமநாயகம்தான். மகளைப் பார்க்க ஜெர்மனிக்குப் போய்விட்டு வந்த நாளிலிருந்து, சாயங்காலம் தாமிரபரணியில் குளிக்க வருகிறவர்கள் தலையைத் துவட்டிக்கொண்டு வீடு போய்ச் சேருவதில்லை. படித்துறைக் கல்மண்டபத்தில் ஈரத்துண்டோடு உட்கார்ந்துவிடுகிறார்கள்.

அவரும் மனைவி ஆவுடையம்மாளும் பாஸாவ் என்கிற ஊரிலிருந்து வியன்னா வரைக்கும் டான்யூப் நதிக்கரையோரமாகவே சைக்கிளில் போனது உண்மை. இரண்டு பேர் சேர்ந்து மிதிக்கிற நீளச் சைக்கிள் அது. முன்னால் ஒரு சீட்டு, பின்னால் ஒரு சீட்டு. அதுவும் உண்மை. அவர் கதையில் உண்மை அத்தோடு தீர்ந்துவிடும்.

மிச்ச உண்மை ஆவுடையிடம் இருந்தது. துவைத்த துணியைப் பிழிந்து வாளியில் போட்டுக்கொண்டு, பெண்கள் பக்கத்துப் படி வழியாக ஏறி வந்து, தூண் ஓரமாக அவள் உட்கார்ந்திருப்பாள். அவர் பேசி முடிக்கிற வரைக்கும் அந்த உண்மையை மடியில் கட்டி வைத்திருப்பது அவள் வேலை.

அந்த உண்மை இதுதான்: பிரமநாயகத்துக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது.

இத்தனைக்கும் முப்பது வருஷம் அவரிடம் ஒரு சைக்கிள் இருந்தது. கல்யாணத்துக்கு மாமனார் போட்டது. தினமும் காலையில் அதைத் தள்ளிக்கொண்டே நகராட்சி அலுவலகத்துக்குப் போவார். எதிரே வருகிறவர்கள் கேட்டால், "பஞ்சர்" என்பார். சாயங்காலம் தள்ளிக்கொண்டே திரும்புவார். "இன்னுமா?" என்று கேட்டால், "இது வேற பஞ்சர்" என்பார். சைக்கிளை வீட்டில் விட்டுவிட்டுப் போனால் மாமனாருக்கு மரியாதை இல்லை. ஏறினால் தனக்கு மரியாதை இல்லை. தள்ளிக்கொண்டு போனால் இரண்டு பேருக்கும் மரியாதை என்று முடிவு கட்டியிருந்தார்.

டான்யூப் கரையில் முன் சீட்டில் உட்கார்ந்து ஹாண்டில்பாரைப் பிடித்தவள் ஆவுடை. அம்பாசமுத்திரத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போகிற நாளில் வாடகைச் சைக்கிளில் பழகியது அவளுக்கு மறக்கவில்லை. ஆனால் கதை விமானத்தை விட்டு இறங்கும்போதே அவள் பின் சீட்டுக்குப் போய்விட்டாள். போகட்டும் என்று அதையும் விட்டுவிட்டாள். அவர் கதை சொன்னால் யாருக்கு என்ன நஷ்டம்?

இன்றைக்கு நஷ்டம் இருந்தது. ரிட்டயர்டு டிரில் மாஸ்டர் தளவாய், ஆற்றைச் சுத்தமாக வைக்கச் சொல்லி ஒரு சைக்கிள் ஊர்வலம் நடத்துகிறார். வருகிற ஞாயிற்றுக்கிழமை பாபநாசத்தில் கிளம்பி, தாமிரபரணிக் கரையோடு, கடலில் கலக்கிற இடம் வரைக்கும். கொடி பிடித்து முன்னால் போகிறவர் யார் என்று இன்றைக்கு முடிவாக வேண்டும். அந்த ஆளின் படம் வண்ணாரப்பேட்டையில் ஆள் உயர பேனரில் வரும். பிரமநாயகம் காலையிலேயே சவரம் பண்ணிவிட்டு வந்திருந்தார்.

ஊர்வலத்தில் தானும் வரலாமா என்று போன வாரம் ஆவுடை தளவாயிடம் கேட்டாள். "பொம்பளையளுக்கு மோர்ப் பந்தல் போட்டிருக்கோம்மா. வாறவங்களுக்கு மோர் ஊத்தலாம்," என்று பெரிய மனது பண்ணிச் சொன்னார். வியன்னா வரைக்கும் மிதித்த கால் அன்று ராத்திரி முழுக்கக் கோபத்தில் குடைந்தது.

"மொத நாளு," என்று பிரமநாயகம் ஆரம்பித்தார். "பாஸாவ்ல சைக்கிள எடுக்கோம். பாத்தா சனிக்கிழமை. எதுக்க ஆறு. நம்ம ஊர்க்காரன் சனிக்கிழமையும் அதுவுமா ஆத்தக் கண்டுட்டு எண்ணெய் தேய்க்காமப் போவானாவே?"

"போவ மாட்டான்," என்றார் கொம்பையா. சைக்கிள் கடைக்காரர். கடையில் ரிப்பேருக்கு எந்த வண்டி வந்திருக்கிறதோ அதில் ஏறித்தான் குளிக்க வருவார். ஓட்டிப் பார்த்த மாதிரியும் ஆச்சு, குளித்த மாதிரியும் ஆச்சு. இன்றைக்கு ஒரு லேடீஸ் சைக்கிள் மண்டபத்துக்கு வெளியே நின்றது.

"நல்லெண்ணெய உச்சியில வச்சேன். மேலெல்லாம் தேச்சேன். நல்லா ஊறி, ஆத்துல இறங்கி ஒரு முங்கு. அவ்வளவுதான். எண்ணெய் தண்ணியில பரவி, அங்கேருந்து வியன்னா வரைக்கும் ஆறு தகதகன்னு மின்னுது. முன்னால போன சரக்குக் கப்பலு அதுல வழுக்கி, நாலு நாள்ல போவ வேண்டிய ஊருக்கு மறுநாக் காலையில போயி நிக்கி. கேப்டன் இறங்கி அழுதுட்டான். 'நான் எஞ்சினே போடலியே'ன்னு."

"எண்ணெய் எவ்வளவு கொண்டு போனீரு?"

"ஒரு சின்ன பாட்டில்."

"ஒரு பாட்டில் எண்ணெய் வியன்னா வரைக்கும் மின்னுமா அண்ணாச்சி?"

"செக்குல ஆட்டுனதுவே," என்றார் பிரமநாயகம். "எண்ணெய்க்கே வாயப் பொளந்தா எப்படி? இனிமேத்தான் சீயக்காய் போடப் போறேன். போட்டேன். நுரை பொங்கிக் கரையேறிட்டு. அங்கன நல்ல கோடை. பனி விழுந்துட்டுன்னு நினைச்சு அந்த ஊர்ப் பிள்ளைய எல்லாம் சறுக்கு விளையாட வந்துட்டு. பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டாச்சு."

"சனிக்கிழமை பள்ளிக்கூடம் ஏதுவே?"

"விட்டது திங்கக்கிழமைக்கு. அதுவரைக்கும் நுரை கிடந்துச்சுல்லா."

ஆவுடை முந்தானையால் வாயைத் துடைப்பதுபோல் சிரிப்பை மறைத்துக்கொண்டாள். எண்ணெய் தேய்த்தது வாஸ்தவம். கட்டைவிரலை ஆற்றில் வைத்ததும் "அய்யோ சிவனே" என்று அலறிக்கொண்டு மேலே ஏறி வந்ததும் வாஸ்தவம். அந்தச் சத்தத்தில் ஒரு அன்னம் கோபப்பட்டு, துண்டு கட்டிய மனிதரைக் கரை நெடுகத் துரத்தியது. தலையில் எண்ணெய் அப்படியே இருந்ததால் ரெண்டு நாளைக்கு ஹெல்மெட் நிற்கவில்லை. வழுக்கி வழுக்கி மூக்குக்கு வந்தது.

"மறுநா டயர் பஞ்சர்," என்றார் பிரமநாயகம்.

கொம்பையா தளவாயைப் பார்த்தார். "பஞ்சர் இவர விடாது," என்றார்.

"ஒட்டுறதுக்குக் கடை கிடையாது. பையில மகளுக்குன்னு கொண்டு போன அல்வா மிச்சம் இருந்துச்சு. ஒரு விள்ளல எடுத்து ஓட்டையில வச்சு அமுக்கினேன். எப்பிடிப் பிடிச்சுதுங்கிய? டயரே போனாலும் பஞ்சர் போவாது. ஆனா நெய் வாசனை இருக்குல்லா. உருள உருள அது சூடேறி மணக்க ஆரம்பிச்சுட்டு. மொதல்ல ஒரு நாய் வந்துச்சு. பின்னால பத்து. ஆஸ்திரியாவுக்குள்ள நுழையுதப்ப ரெண்டு தேசத்து நாயும் பின்னால வருது. திரும்பிப் பாத்தேன். இவ பின் சீட்டுல உக்காந்து தூங்குதா."

"நானா?" என்றாள் ஆவுடை.

"ஆமா. அசந்து தூங்குன. உனக்கு எப்படித் தெரியும்?"

எல்லோரும் சிரித்தார்கள். ஆவுடை சிரிக்கவில்லை. நாய் ஒன்று துரத்தியது உண்மைதான். சின்ன நாய். அதைப் பார்த்ததும் பின் சீட்டில் இருந்த மனிதர் காலிரண்டையும் பெடலிலிருந்து எடுத்து மேலே தூக்கிக்கொண்டார். அன்றைக்கு எடுத்த காலை அவர் வியன்னாவில்தான் கீழே வைத்தார்.

"நாய்க்குப் பயந்து நானு மிதிச்சேன் பாத்துக்கிடுங்க ஒரு மிதி," என்று அவர் போய்க்கொண்டிருந்தார். "நெழலு பின்தங்கிட்டு. லாட்ஜுக்குப் போயி, குளிச்சு, சாப்பிட்டு, கை கழுவுதோம். அப்பத்தான் நெழலு மூச்சு வாங்கிக்கிட்டு வாசல்ல வந்து நிக்கி."

"அதுக்குச் சாப்பாடு?"

"மிச்சம் ரசம் இருந்துச்சு. இவ ஊத்தினா."

"அந்த ஊர் லாட்ஜுல ரசமா?"

"நெழலு எங்கூருதானவே. அதுக்கு வேற என்ன ஒத்துக்கிடும்?"

தளவாய் தலையை ஆட்டினார். அந்த ஆட்டம் நம்புகிற ஆட்டமா நம்பாத ஆட்டமா என்று யாருக்கும் தெரியவில்லை. பிரமநாயகத்துக்கு அது போதவில்லை. பேனர் கண்முன்னால் ஆடிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு படி ஏற்றினார்.

"அங்கன ஒரு இடத்துல ஆறு போன வழியே திரும்பி வரும். பெரிய வளைவு. எல்லாரும் படம் பிடிப்பான். அந்த வளைவு எப்படி வந்துச்சுன்னு தெரியுமா? ஆறு நேராத்தான் போய்க்கிட்டிருந்துச்சு. நான் சைக்கிள்ல அத முந்திட்டேன். யாருடா இவன், நம்மள முந்துதான்னு ஆறு திரும்பிப் பாத்துச்சு. பாத்தது பாத்தபடியே நின்னுட்டு."

"அந்த வளைவு நீரு போவதுக்கு முன்னாடியே இருந்திருக்குமே அண்ணாச்சி," என்றார் கொம்பையா.

"இருந்துச்சு. நான் வருவேன்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கு."

கொம்பையா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"கடைசியா மழை. எதிர்காத்து. மழைன்னா நம்மூர் மழை இல்ல. நான் ஒரு கையில ஹாண்டில்பார், ஒரு கையில குடைன்னு போறேன். பின்னால இவ இருந்ததுனால கொஞ்சம் பாரம். எதிர்காத்துக்குப் பாரம் வேணும்லா, அதுக்குத்தான் கூட்டிட்டே போனேன். ஒரு காத்து அடிச்சுது பாருங்க. குடையோட, சைக்கிளோட, இவளோட நாங்க மேல போயிட்டோம். கீழ ஒரு கோட்டை. மேல ஆறாவது மாடியில ஒரு பொம்பள துணி காயப் போடுதா. 'மழை வருது, எடுத்திருங்க'ன்னு சொல்லிட்டு அக்கரையில வந்து இறங்கினோம். ஓடக்காரன் விடல. ஆத்தக் கடந்தா டிக்கெட்டு வாங்கணும்னு நிக்கான்."

மண்டபமே குலுங்கியது. தளவாய் கண்ணைத் துடைத்துக்கொண்டே எழுந்து, இடுப்பில் கிடந்த விசிலைச் சரி பண்ணினார்.

"சார்தான் முன்னால போறாரு. முடிவு பண்ணியாச்சு," என்றார். பிரமநாயகம் முகத்தில் ஆற்று வெளிச்சம் அடித்தது. "ஒண்ணே ஒண்ணு சார். ஒரு கையில கொடி பிடிச்சுக்கிட்டு ஓட்டணும். இந்தா, கொம்பையா வண்டி நிக்கி. மண்டபத்தச் சுத்தி ஒரு ரவுண்டு. போட்டோ எடுத்தா பேனருக்கும் ஆச்சு."

வெளிச்சம் அணைந்தது.

"லேடீஸ் சைக்கிள்," என்றார் பிரமநாயகம். "அதுல நான் ஏறுனா நல்லாவா இருக்கும்?"

"அப்ப எஞ்சைக்கிள் இருக்கு. கம்பி வச்சது," என்றார் தளவாய்.

"வேட்டி ஈரமா இருக்கு."

"குடையப் பிடிச்சுக்கிட்டு ஆறாவது மாடிக்குப் போன ஆளுக்கு ஈர வேட்டி ஒரு பொருட்டா?" என்றார் கொம்பையா. அவர் சிரிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

பிரமநாயகம் ஆவுடையைப் பார்த்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் எத்தனையோ விதமாக அவளைப் பார்த்திருக்கிறார். இப்படி, கும்பிடாத குறையாக, பார்த்ததில்லை.

ஒரு வார்த்தை போதும். 'முன்னால உக்காந்தது நான்' என்று சொன்னால் தீர்ந்தது. பின் சீட்டுக்கு, பாரத்துக்கு, மோர்ப் பந்தலுக்கு, எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பதில். ஆவுடைக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

கூடவே அந்த மழையும் வந்தது. குடை உண்மை. எதிர்காற்றில் அவள் தம் பிடித்து மிதித்துக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து கையை நீட்டி, வழி நெடுக அவள் தலைக்கு மேல் குடையைப் பிடித்துக்கொண்டே வந்தார். அவர் மேல் ஒரு பொட்டுக் குடை இல்லை. தெப்பமாக நனைந்துகொண்டு, அவள் கால்வலியை மறக்கட்டும் என்று வாய் ஓயாமல் அளந்துகொண்டு வந்தார். ஆறு திரும்பிப் பார்த்த கதை அங்கேதான் பிறந்தது. அவள் சிரித்த சிரிப்பில் சைக்கிள் ஆடியது. அந்தப் புளுகு மட்டும் இல்லையென்றால் தான் பாதி தூரம் தாண்டியிருக்க மாட்டோம் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அந்த மனிதரை நாலு பேர் முன்னால் தலைகுனிய வைக்க அவளுக்கு மனசு வரவில்லை.

"அவுகளால ஏற முடியாது," என்றாள்.

பிரமநாயகம் கண்ணை மூடிக்கொண்டார்.

"சத்தியம் பண்ணிக் குடுத்திருக்காவ," என்றாள் ஆவுடை, வாளியைக் கீழே வைத்துவிட்டு. "நாய் துரத்துனப்ப மிதிச்சாவல்லா, அந்த மிதி ரோட்டோட நிக்கல. பூமியே பின்னால உருள ஆரம்பிச்சிட்டு. மத்தியானச் சாப்பாட்டுக்கு இலை போட்டா, மோர் ஊத்துதப்ப ராத்திரி. படுத்துப் போர்வைய இழுக்குமுன்ன விடிஞ்சுட்டு. அந்த ஊர்க் கோழியெல்லாம் ஓயாமக் கூவிக் கூவித் தொண்டை கட்டி, கடைசியில செய்கை காட்டித்தான் ஆள எழுப்புச்சு."

பிரமநாயகம் ஒரு கண்ணைத் திறந்தார்.

"ஒரு பொண்ணு கல்யாணத்துக்குன்னு கோயிலுக்குள்ள போனா. வெளிய வாறப்ப அறுபதாம் கல்யாணம். ஊர்ப் பெரிய மனுசங்கல்லாம் திரண்டு வந்து இவுக கையப் பிடிச்சு அழுதுட்டாங்க. 'ஐயா, நீங்க பின் சீட்டுக்குப் போயிருங்க, எங்க ஊரு பிழைக்கட்டும்'னு. இவுக டான்யூப்புத் தண்ணியக் கையில அள்ளி, இனி முன்னால உக்கார மாட்டேன்னு சத்தியம் பண்ணாவ. அப்பறந்தான் நான் முன்னால போனேன்." அவள் தளவாய் பக்கம் திரும்பினாள். "எங்களுக்கு ஒண்ணுமில்ல. நீங்க ஞாயித்துக்கிழமை ஊர்வலம் வச்சிருக்கிய. இவுக முன் சீட்டுல ஏறுனா சனிக்கிழமை முடிஞ்சு நேரே திங்கக்கிழமைதான். அப்புறம் எங்கிட்ட வந்து கேக்கப்பிடாது."

யாரும் சிரிக்கவில்லை. பிரமநாயகம் வாயைப் பிளந்தபடி மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொழில் கற்றுக் கொடுக்காமலேயே ஒருத்தி தன்னை மிஞ்சிவிட்டதைக் கண்டவர்போல் இருந்தது அவர் முகம்.

கொம்பையாதான் தொண்டையைச் செருமினார்.

"மதினி, பூமி உருண்டத நம்புதேன். கோழி செய்கை காட்டுனதையும் நம்புதேன். அந்தப் பொண்ணு அறுபதாம் கல்யாணத்தோட வெளிய வந்தா, அதுக்கும் ஆட்சேபணை இல்ல. அண்ணாச்சி முன் சீட்டுல ஏறுனாருன்னு சொன்னிய பாருங்க, அத மட்டும் நம்ப முடியல."

"ஏன்?" என்றார் பிரமநாயகம், ஈனஸ்வரத்தில்.

"முப்பது வருசமாப் பஞ்சர் பஞ்சர்னு எங்கடை வாசல் வழியாத்தான் சைக்கிளத் தள்ளிட்டுப் போனீரு. அந்தத் தெருவுல கடைன்னா எங்கடை ஒண்ணுதான். ஒரு நாளாவது ஒட்டக் கொண்டாந்தீராவே?"

பிரமநாயகம் தூணைப் பார்த்தார். தளவாயைப் பார்த்தார். தளவாய் விசிலைத் துடைத்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் எல்லோரும் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊருக்கே தெரிந்திருக்கிறது. தெரிந்தும் முப்பது வருஷம் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. மாமனார் மரியாதையை அவர் மட்டும் காப்பாற்றவில்லை, ஊரே சேர்ந்துதான் காப்பாற்றியிருக்கிறது. ஆவுடைக்குக் கண் கலங்கிவிட்டது. அதே நேரம் சிரிப்பும் முட்டியது.

"அப்ப கொடி யாருக்கு?" என்றார் தளவாய், பாவம், நிஜமான கவலையோடு.

ஆவுடை எழுந்தாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். வெளியே போய் லேடீஸ் சைக்கிளை ஸ்டாண்டிலிருந்து எடுத்தாள். தளவாய் கொண்டு வந்திருந்த கொடியை வாங்கி ஒரு கையில் பிடித்துக்கொண்டு மண்டபத்தைச் சுற்றி ஒரு ரவுண்டு வந்தாள். ஒரு ரவுண்டுதான் கேட்டிருந்தார்கள். அவள் இரண்டாவதும் வந்தாள். சொல்லப்போனால் அது அவளுக்காக.

"மோர்ப் பந்தலுக்கு வேற ஆளப் பாருங்க," என்று தளவாயிடம் சொல்லிவிட்டுக் காலை ஊன்றி நின்றாள். "இவுக எங்கூடத்தான் வருவாவ. என்னங்க, வாளிய எடுத்துட்டு வந்து ஏறுங்க."

பிரமநாயகம் வாளியைத் தூக்கிக்கொண்டு போய் கேரியரில் ஒருபக்கமாக உட்கார்ந்தார். சைக்கிள் ஒரு ஆட்டம் ஆடி நேராயிற்று. படித்துறை மேட்டில் ஏறும்போதே அவர் குரல் பழையபடி திரும்பிவிட்டது.

"பாத்தீரா கொம்பையா? நான் பின்னால இல்லன்னா இந்தக் காத்துக்கு இவ வண்டி நேரா நிக்குமாவே? டான்யூப்புல இப்படித்தான் ஒரு நா..."

"சரி அண்ணாச்சி," என்று கொம்பையா கீழேயிருந்து குரல் கொடுத்தார். "வழியில பஞ்சரானா இறங்கித் தள்ளும். உமக்குப் பழக்கந்தானே."